லைட் பிடிப்பவர் நிற்கும் இடம்

சேசு மரி சூசை துணை

மயிலாப்பூர்,
நவம்பர், மழை விட்ட செவ்வாய்க்கிழமை

என் அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீ சுகமாக இருப்பதாக ஞாயிற்றுக்கிழமையே போனில் சொல்லிவிட்டாய். இருந்தாலும் கடிதம் என்றால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும் என்று டெல்பின் டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அதனால் மறுபடியும் கேட்கிறேன், சுகமா கண்ணு? கவுகாத்தியில் குளிர் ஆரம்பித்துவிட்டதா, போர்வை போதுமா, சாப்பாட்டில் அந்தக் கடுகெண்ணெய் வாசம் இப்போது பழகிவிட்டதா? இவ்வளவு எழுதுவதற்கே எனக்கு ஒரு டீ ஆறிப்போய்விட்டது. பரவாயில்லை, ஆறின டீயைக் குடித்துக்கொண்டே எழுதுகிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் என் கையிலிருந்து உன் பெயர் காகிதத்தில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியவில்லை.

போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன வாரம் நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய் அல்லவா, கேமராவை அனுப்பி வைக்கிறாயா, இல்லை கிறிஸ்துமஸுக்கு நானே வந்து வாங்கிக்கொள்ளட்டுமா, நீயே சொல்லுப்பா என்று. பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பதிலை போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் ஒழுங்காகச் சொல்லி முடிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும், இடையில் நீ ஏதாவது கேட்பாய், நான் வேறு எதையாவது சொல்லிவிடுவேன். காகிதம் இடையில் எதுவும் கேட்பதில்லை. நம் கோயில் பங்கில் இருந்த சிஸ்டர் ஃப்ளேவியாவுக்கு உங்கள் பக்கம் மாற்றல் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை சென்ட்ரலில் ரயில் ஏறுகிறார். இந்தக் கடிதம் அவர் பையில் வரும். பதிலுக்கு முன்னால் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், நீ அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பாதே.

நீ படிக்கப் போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாய், நானும் அப்படியேதான் இருக்கிறது என்கிறேன். உண்மையும் அதுதான், எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது, அதுதான் கஷ்டம். காலையில் நான் வைத்த டம்ளர் சாயங்காலமும் அதே இடத்தில் இருக்கும். உன் அம்மா இருந்தபோதும் நீ இருந்தபோதும் இந்த வீட்டில் ஒரு பொருளை வைத்த இடத்தில் நான் எடுத்ததே கிடையாது. ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கும் அளவு இன்னும் எனக்குக் கைவரவில்லை, மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலையில் சாப்பிடுகிறேன். ரேடியோவைப் பாட விடுகிறேன், பாட்டுக்காக இல்லை, யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. சாயங்காலம் ஆனால் கோயில் ஹாலில் டெல்பின் டீச்சரின் முதியோர் எழுத்து வகுப்புக்குப் போய்விடுகிறேன், அங்கே நாலு பேர் இருப்பார்கள். டீச்சர் ரிட்டயர் ஆகியும் அதே கண்டிப்பு. போன வாரம் நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, பவுல்சாமி, எழுத்தெல்லாம் இப்படிக் கும்பலா நிக்குதே, என்ன மந்தைவெளி பஸ் ஸ்டாண்டா, கொஞ்சம் தள்ளித் தள்ளி நிக்க வைங்க என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

இப்போது நான் பஸ் போர்டு படிக்கிறேன் ஜொவிட்டா. முன்பெல்லாம் பஸ் வந்தால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பேன், கண்ணாடி கொண்டுவரவில்லை சார், எந்த பஸ் என்று, என்னிடம் கண்ணாடியே கிடையாது என்பது உனக்குத் தெரியும். இப்போது தூரத்தில் வரும்போதே தி. நகர் என்று படித்துவிட்டு, யாரும் கேட்காமலேயே பக்கத்தில் நிற்பவர்களுக்கு நானே சொல்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லறைத் திருநாள் அன்று பூவும் மெழுகுத்திரியும் வாங்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன், மழையில் கல் எல்லாம் பாசி, தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க எழுத்து வந்தது. அக்னேஸ் பவுல்சாமி. அந்தக் கல்லை வைத்த நாளில் ஸ்டூடியோ ஃபிரெட்ரிக் அங்கிள்தான் படித்துக் காட்டி, சரியா கீது பவுலு என்றார், நானும் சரி என்று தலையாட்டினேன். இந்த முறைதான் நானே படித்தேன். அவள் பெயருக்குப் பக்கத்திலேயே என் பெயரும் இருக்கிறது என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. திரி எரிந்து முடியும்வரை மறுபடி மறுபடி படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சரி, கேமரா விஷயத்துக்கு வருகிறேன். நீ டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்துக்குள் முடிய வேண்டும், புதியது வாங்க முடியாது, வீடியோ நன்றாக வர வேண்டும் என்று சொன்னாய், நீ சொல்லச் சொல்ல நானே பென்சிலால் எழுதிக்கொண்டேன், அதை எடுத்துக்கொண்டு ஃபிரெட்ரிக் அங்கிளிடம் போனேன். கச்சேரி ரோட்டில் அவர் ஸ்டூடியோ இப்போது பாதி ஜெராக்ஸ் கடை, பாதி பாஸ்போர்ட் போட்டோ. கல்யாண வீடியோவை எல்லாம் நிறுத்திவிட்டார். கேமராவின் தலையிலேயே சின்ன லைட் உட்கார்ந்துகொண்ட நாளிலிருந்து, அவருக்கு லைட் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு வேலை இல்லை, அதற்குக் கொஞ்ச நாள் கழித்து அவருக்கும் இல்லை. காகிதத்தை நீட்டினேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னா பவுலு, இது உன் கையெழுத்தா, என்னுதவிட நல்லா கீதே என்றார். கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு என்னோடு கிளம்பிவிட்டார்.

ஆழ்வார்பேட்டை வழியாக பஸ்ஸில் போனோம், வழி நெடுக நான் போர்டு படித்துக்கொண்டே வந்தேன், அவர்தான், போதும்யா கண்டக்டர் உன்ன வேலைக்கு வச்சிக்கப் போறாரு என்று அடக்கினார். தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து, மாடியில் ஷாஹுல் ஹமீது பாயின் கடை, பழைய கேமராக்களை வாங்கி ரிப்பேர் பார்த்து விற்கிறார். பாய் நல்ல மனிதர், பேச்சுதான் கொஞ்சம் ஜாஸ்தி. இப்போது எல்லோரும் உள்ளே கண்ணாடி இல்லாத புது மாதிரி கேமராவுக்கு மாறிவிட்டார்களாம், அதனால்தான் இந்த டி.எஸ்.எல்.ஆர். எல்லாம் சல்லிசாக வருகிறதாம், படிக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் நல்ல காலம் என்றார். நான் எழுதிய காகிதத்தைப் பார்த்துவிட்டு இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஒன்று பெரியது, கறுப்பு இரும்பு மாதிரி கனம், ஒரு காலத்தில் பத்திரிகைக்காரர் வைத்திருந்ததாம். இன்னொன்று சின்னது, பிளாஸ்டிக், ஒரு கல்லூரிப் பெண் வைத்திருந்தது. எனக்குப் பெரியதைத்தான் பிடித்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. கையில் வாங்கியதும் ஃபிரெட்ரிக் அங்கிளின் பழைய கேமராவைத் தூக்கியது போலவே இருந்தது, கனமாக இருந்தால் நல்ல பொருள் என்றுதான் எனக்குத் தோன்றியது. சின்னதைத் தூக்கினால் காய்கறிக் கடையில் வெண்டைக்காய் தூக்குவது போல இருக்கிறது. பாயும் பெரியதைத்தான் தள்ளிவிடப் பார்த்தார். ஃபிரெட்ரிக் அங்கிள்தான், யோவ் பவுலு, அந்தப் பொண்ணு தனியா சுத்தப் போவுது, லைட்டுக்கு ஒரு ஆளு, வயருக்கு ஒரு ஆளு, பைக்கு ஒரு ஆளுன்னு இட்டுக்கினா போவுது, எல்லாத்தையும் ஒத்தையா தூக்கணும்யா என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்கு லைட் பிடிக்க அங்கே ஆள் இல்லை. அது தெரிந்த பிறகு பாயிடம், கடை லைட்டை எல்லாம் அணையுங்கள், இருட்டில் எது நன்றாகத் தெரிகிறது பார்க்கலாம் என்றேன். பாய் அணைத்தார், ஒன்றுமே தெரியவில்லை. நைனா, இருட்டுல எல்லாக் கேமராவும் குருடுதான், ஒரு சன்னலையாவது தொறந்து வைக்கலாமே என்று சிரித்தார்.

நீ சொல்லியிருந்தாய், இரண்டிலும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு, அப்பா நீயே சன்னல் பக்கத்தில் நில்லு, அப்புறம் கேமராவை நோக்கி நடந்து வா, முகம் கலங்காமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று. அதுபடி நான் சன்னலிடம் நின்றேன், பாய் பெரிய கேமராவை எடுத்து என் பக்கம் திருப்பினார். நான் நடந்து வந்தேன். நன்றாகத்தான் வந்தேன் என்று நினைத்தேன். முடிந்ததும் பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். போட்டுக் காட்டினால் சன்னல் இருக்கிறது, சுவர் இருக்கிறது, சுவரில் காலண்டர் இருக்கிறது, நான் இல்லை. கேமரா என் பக்கம் திரும்பியதுமே நான் அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. இன்னொரு முறை எடுத்தார். இந்த முறை நாலு அடி ஒழுங்காக வந்தேனாம், பிறகு குனிந்துவிட்டேனாம். பாய், இன்னா நைனா, கீழ இன்னா தேடிக்கினு கீறே, துட்டு எதுனா வுழுந்துச்சா என்கிறார். ஃபிரெட்ரிக் அங்கிள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், அவருக்கு மட்டும்தான் புரிந்தது. நான் வயரைச் சுருட்டக் குனிந்திருக்கிறேன் கண்ணு. கேமரா முன்னால் நகர்ந்தால் யார் காலிலாவது வயர் தட்டிவிடுமே என்று இத்தனை வருஷம் குனிந்த முதுகு, அங்கே வயரே இல்லை என்று அதற்குத் தெரியவில்லை. மூன்றாவது முறை சின்னக் கேமராவில் எடுத்தபோது குனியவில்லை, ஓடவும் இல்லை, ஆனால் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்து வந்தேன், லைட் இல்லாமலேயே லைட் பிடித்துக்கொண்டு. முகத்தில் பாதியைக் கை மறைத்துவிட்டது.

பாய் அவர் போனிலிருந்து எல்லாவற்றையும் உனக்கு அனுப்பிவிட்டார். உடனே நீ கூப்பிட்டாய். அப்பா நீ எங்கப்பா, வீடியோல காலண்டர் மட்டும்தான் வருது, அந்தக் காலண்டரையா நான் வாங்கப் போறேன் என்று கேட்டாய், பாய் ஸ்பீக்கரில் போட்டிருந்தார், கடையே சிரித்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, உன் சிரிப்பை அவ்வளவு சத்தமாகக் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது. கடைசியில் ஃபிரெட்ரிக் அங்கிள் என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, பின்னால் நின்று இரண்டு தோளையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார், எங்க ஓடறேன்னு பாக்கறேன்யா என்று. அப்படித்தான் இரண்டு கேமராவிலும் என் முகம் பதிவானது. பார்த்திருப்பாய், என் தோளில் இரண்டு கை தெரியும், அவை அவருடையவை. பெரிய கேமரா என் முகத்தைத் தேடித் தேடி மங்கலாகி மங்கலாகித் தெளிந்தது, சின்னது முதலிலேயே பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதிலேயே எல்லோருக்கும் முடிவு தெரிந்துவிட்டது.

உனக்கு மட்டும் வேறு ஏதோ தெரிந்திருக்கிறது. எதை வாங்கட்டும் கண்ணு என்று கேட்டேன். நீ அதை விட்டுவிட்டு மெதுவாக, இளைச்சுட்டப்பா என்றாய். என் பட்டன் போனில் படம் வராது, போன வருஷம் ஜூலையில் சென்ட்ரலில் உன்னை ரயில் ஏற்றிய பிறகு நீ என்னைப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னாய். அதற்கு முன்னால் வரை ஆற்றில் பனி இறங்கும் டிசம்பரில்தான் அந்தப் படகுக்காரர்களைப் படம் எடுக்க வேண்டும், கேமரா சீக்கிரம் வேண்டும், ஜனவரியில் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்று அவசரப்பட்டவள், அதற்குப் பிறகு பேச்சை மாற்றிவிட்டாய். கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா, படத்தை வேறு எதையாவது வைத்து ஒப்பேற்றிக்கொள்கிறேன், கேமராவை நீயே வைத்திரு, வந்து வாங்கிக்கொள்கிறேன், இல்லை அனுப்பத்தான் வேண்டுமா, நீயே சொல்லுப்பா என்றாய்.

சின்னதைத்தான் வாங்கினோம். பாய் டார்ச் அடித்து லென்ஸைக் காட்டினார், பூஞ்சை இல்லை, ஷட்டரும் அதிகம் அடித்ததில்லை. மைக் சொருகும் ஓட்டை இருக்கிறது, பின்னால் இருக்கும் திரை கதவு போலத் திறந்து நம் பக்கமே திரும்புகிறது. பெரியதை வாங்கியிருந்தால் உன் பணம் முழுவதும் அதிலேயே போயிருக்கும், இதில் மிச்சம் இருந்ததால் ஒரு பாட்டரி கூட வாங்கிவிட்டேன், மீதியை சிஸ்டரிடம் உறையில் கொடுத்திருக்கிறேன், அதில் மைக் வாங்கிக்கொள், வேறு லென்ஸ் இப்போது வாங்காதே என்று ஃபிரெட்ரிக் அங்கிள் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார். படம் கொஞ்சம் மோசமாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்களாம், பேசுவது காதில் விழவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்களாம்.

திரும்பும்போது அவர் என்னை வீட்டுக்கு விடவில்லை, ஸ்டூடியோவுக்கு இட்டுக்கொண்டு போய், உட்காரு, ஒண்ணு காட்டறேன் என்று கம்ப்யூட்டரில் தேடினார். உன் புதுநன்மை வீடியோ, கோயிலில் நீ முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாள். பழைய கேசட்டிலிருந்து மாற்றி வைத்திருக்கிறார், எனக்குத் தெரியாது. வெள்ளை கவுன், தலையில் பூ முடி, கையில் மெழுகுத்திரியோடு நீ கோயில் வாசலில் நிற்கிறாய், பக்கத்தில் உன் அம்மா, பச்சைப் பட்டுப்புடவை, முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. எல்லோரும் இருக்கிறார்கள், ஃபாதர் இருக்கிறார், டெல்பின் டீச்சர்கூட ஒரு மூலையில் இருக்கிறார், நான் இல்லை, நான் எப்படி இருப்பேன். ஃபிரெட்ரிக் அங்கிள் அதற்காக அதைப் போடவில்லை. அவங்க ரெண்டு பேரும் எங்க பாக்கறாங்க பாரு என்றார். பார்த்தேன். நீயும் அம்மாவும் கேமராவைப் பார்க்கவில்லை. கொஞ்சம் வலது பக்கம் தள்ளி, கொஞ்சம் மேலே பார்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறீர்கள். அங்கேதான் நான் லைட்டோடு நின்றுகொண்டிருக்கிறேன். அம்மா வாயைத் திறந்து, போதும்யா, கண்ணு கூசுது, கொஞ்சம் எறக்கித்தான் புடியேன் என்கிறாள். அவள் குரல் ஜொவிட்டா. கூட்டத்தில் அத்தனை பேர் பேசிக்கொண்டிருக்கும்போது என்னிடம் மட்டும் சொல்கிறாள். உடனே அவள் முகத்தில் வெளிச்சம் குறைகிறது, நான் இறக்கிவிட்டேன். மறுபடி போடச் சொன்னேன். அவர் எழுந்து ஜெராக்ஸ் மிஷின் பக்கம் போய்விட்டார், நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து கேமரா பீரோவில் அம்மாவின் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. நான் யோசித்தது முழுவதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும். இது இங்கே இருந்தால் என் மகள் வருவாள், இது போய்விட்டால் வர மாட்டாள், அவ்வளவுதான் கணக்கு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று முதல் இரண்டு நாள் சந்தோஷமாகவே இருந்தேன். லஸ்ஸில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் விற்க ஆரம்பித்ததும் போய் ஒன்று வாங்கிவிட்டேன், நீ சின்னப் பிள்ளையில் அழுது வாங்கிய அதே சிவப்புக் கலர். கட்டில் பலகையை வெயிலில் போட்டேன். ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கத் தெரியாதது கூட இப்போது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பீரோவைத் திறந்து, கேமராவை எடுத்து, அந்தத் திரையைத் திறந்து பார்த்தேன். என் வீடுதான் தெரிந்தது. நாற்காலி, மேஜை, காலையில் வைத்த டம்ளர். எந்தப் பக்கம் திருப்பினாலும் எதுவும் அசையவில்லை. இதைப் படம் பிடிக்கவா நீ இரண்டு வருஷமாக ஊர்ப்பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாய் என்று தோன்றியது. அங்கே ஆற்றில் பனி இறங்கிக்கொண்டிருக்கும், படகு போய்க்கொண்டிருக்கும், பிடிக்க வேண்டியது அங்கே இருக்கிறது, பிடிக்கிற பொருள் இங்கே புடவைக்கு நடுவில் இருக்கிறது. நான் முப்பது வருஷம் லைட் பிடித்தவன், வெளிச்சம் இருக்கும்போது எடுக்காவிட்டால் அப்புறம் கிடைக்காது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கேமராவை அனுப்புகிறேன். சிஸ்டர் ஃப்ளேவியா மடியிலேயே வைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். நீ கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம், படத்தை எடு. என்னைத் தேற்றுவதற்காக நான் வருகிறேன் வருகிறேன் என்று போனில் சொல்லாதே, நீ சொன்னால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். நான் இளைத்தது உண்மைதான், ஆனால் நோய் இல்லை, தர்ம ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தேன், சர்க்கரை கொஞ்சம், மாத்திரை சாப்பிடுகிறேன். கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்ததும் ஃபிரெட்ரிக் அங்கிள் அவர் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார், டெல்பின் டீச்சர் கல்கல் பலகாரம் தருவார், அதைக் கடிக்கப் பல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நட்சத்திரத்தை வாசலில் கட்டத்தான் போகிறேன், வாங்கியாயிற்று.

உங்கள் ஊரில் ஈரம் அதிகம் என்கிறாய், தோல் பையில் கேமராவை வைத்து மூடி வைக்காதே, பூஞ்சை பிடிக்கும். பாய் கொடுத்த, ஈரத்தை உறிஞ்சும் சின்னச் சின்னப் பொட்டலங்களை ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டு அதற்குள் வை. படகில் ஏறும்போது வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறு. ஸ்டாண்டு வாங்கக் காசு செலவழிக்காதே, அதனுடன் ஒரு சின்னத் துணிப்பை வருகிறதே, அது நானே தைத்தது, உள்ளே அரிசி, அதை எங்கே வேண்டுமானாலும் வைத்து அதன்மேல் கேமராவை அமுக்கினால் ஆடாமல் உட்காரும், ஃபிரெட்ரிக் அங்கிள் சொல்லிக்கொடுத்தது. அரிசியை எடுத்துச் சமைத்துவிடாதே. உனக்கு லைட் பிடிக்க ஆள் இல்லாததால் சாயங்கால வெயிலில் எடு, ஆட்களை அதைப் பார்த்து நிற்கச் சொல், ஆனால் கண் கூசுகிறது என்று சொன்னால் உடனே அவர்களைத் திருப்பி நிற்க வை. படகுக்காரர்களிடம் எடுத்த படத்தைக் காட்டாமல் வந்துவிடாதே. அவர்களோடு வேலை செய்யும் ஆட்களில் யாராவது ஒருவர் படத்தில் வராமல் ஓரமாகவே நிற்பார், கயிறு பிடித்துக்கொண்டோ தண்ணீர் இறைத்துக்கொண்டோ. அவரையும் ஒரு தடவை எடு.

கேமராவோடு வரும் கார்டில் ஒரு வீடியோ இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் மழை கொஞ்சம் ஓய்ந்து வெயில் நம் சன்னல் வழியாக உள்ளே வரும் நேரத்தில் அந்த அரிசிப் பையை மேஜைமேல் வைத்து, கேமராவை அதில் உட்கார வைத்து, பாய் காட்டிய சிவப்புப் புள்ளியை அமுக்கிவிட்டு, எதிரில் அம்மாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். என் தோளைப் பிடிக்க யாரும் இல்லை. இருந்தாலும் எழுந்திருக்கவில்லை, குனியவில்லை, கையை இரண்டு தொடைக்கும் கீழே வைத்து அமுக்கிக்கொண்டேன், அது உனக்குத் தெரியும், சிரிக்காதே. ஆனால் நான் லென்ஸைப் பார்க்கவில்லை ஜொவிட்டா. கொஞ்சம் வலது பக்கம் தள்ளி, கொஞ்சம் மேலே பார்க்கிறேன். நீ கேட்பாய், அப்பா அங்க யாரைப் பாக்குறே என்று. அந்த இடம் யாருடையது என்று உனக்குத் தெரியும். நேற்று மனசுக்குள் அங்கே உன்னை நிற்க வைத்திருந்தேன். வெயில் நன்றாக முகத்தில் அடித்தது, எனக்குக் கண் கூசவில்லை.

ஆற்றைப் பிடிக்கக் கார்டில் இடம் போதவில்லை என்றால் அதை அழித்துவிடு, தப்பில்லை. ஒரு முறை பார்த்துவிட்டு அழி.

மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றட்டும், அம்மா மேலேயிருந்து உன் வழியைப் பார்த்துக்கொள்ளட்டும், உன் நெற்றியில் நான் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொள். பாட்டரியை முழுதாகச் சார்ஜ் போட்ட பிறகுதான் எடுக்க ஆரம்பிக்க வேண்டும், மறக்காதே. சிஸ்டருக்கு ஒரு வாய் டீ கொடு, கடிதம் கைக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு, போதும், பேச வேண்டாம், நான் புரிந்துகொள்வேன்.

என்றும் உன் பக்கத்தில் நிற்கும்
உன் அப்பா,
ம. பவுல்சாமி